பிரேக் மட்டமா? பாதத்தைக் கேளுங்கள்

ஆண்டு முடிவில் போனஸ் பணம் கைக்கு வந்ததும் பழைய கார் வாங்குவோர் தொகை கூடிவிடுகிறது. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் பிரித்தால் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. “டீச்சர், கார் நன்றாக ஓடுகிறது. பிரேக் மட்டும் கொஞ்சம் மட்டம். எதை மாற்ற வேண்டும்?”

எதை மாற்றுவது என்ற கேள்விக்கு முன்னால், எப்படி மட்டம் என்ற கேள்வி இருக்கிறது. வயிற்றுவலி என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுத்து அனுப்ப முடியுமா? ஒருவனுக்குப் பசி, ஒருத்திக்குப் பச்சை மாங்காய், இன்னொருவனுக்குக் கணக்குப் பாடம். பிரேக்கும் அப்படித்தான். மிதி ஆழமாகப் போகிறதா, பஞ்சுபோல் அமுங்குகிறதா, கல்லாக இறுகி நிற்கிறதா, மிதித்தபடி இருக்கும்போதே மெல்ல இறங்குகிறதா, கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு உதவாது. பணம் மட்டும் போகும்.

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது செலவுக் கணக்கு. தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு அதற்கும் மேல். எங்கள் பள்ளி இன்னும் தோட்டத்திலேயே நிற்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் தாமான் வீடுகளிலிருந்து காரில் வந்து இறங்குகிறார்கள். செம்மண் சாலை ஒரு சரிவில் இறங்கி, நேரே பெரிய சாலையின் முச்சந்தியில் போய் முட்டும். அந்தப் பெரிய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வந்தவண்ணம் இருக்கும். விற்பவர் ஓட்டிக்காட்டுவதோ சமதளமான பட்டணத் தெருவில், காரில் இருவர் மட்டும் உட்கார்ந்து. பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் போன்ற நிலையங்களில் நடக்கும் சோதனையில் தேறிவிட்டதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அங்கே உருளையின்மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, அன்றைக்கு, அந்த நிமிடத்தில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். பயனுள்ள சோதனைதான். ஆனால் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது அதே பிரேக் என்ன செய்யும் என்பதை அந்த உருளை சொல்லாது.

முதலில் ஒரு கண்டிப்பு. மிதி தரையைத் தொடுகிறது, சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் ஈரம் தெரிகிறது, சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். “பட்டறை வரைக்கும்தானே, மெதுவாகப் போய்விடலாம்” என்ற பேச்சே வேண்டாம். அந்தச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை என்றாலும் சந்தேகம் கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பிவிட்டுக் கைப் பிரேக்கை இழுத்தால் அது எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பல்பு கெட்டிருக்கலாம். யாராவது வேண்டுமென்றே கழற்றியும் வைத்திருக்கலாம்.

எங்கள் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர்களையும் லோரிகளையும் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் அவரை அழைப்பேன். எனக்கு இந்தப் பாடத்தை நடத்தியவர் அவர்தான். “டீச்சர், பிரேக்கப் பாக்கக் கண்ணு வேணாம், காலு போதும். செருப்பக் கழட்டிட்டு மிதிங்க,” என்பார். வெறுங்காலுக்குத் தெரியும் நுட்பம் தடித்த செருப்புக்குத் தெரியாது. உட்காரும் முன், மிதிக்கு அடியில் கிடக்கும் கால்விரிப்பையும் எடுத்து வெளியே போடுங்கள். சிரிக்காதீர்கள், அழகுக்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட விரிப்பு மிதியை முழுதாகக் கீழே போகவிடாமல் தடுப்பதும் உண்டு.

மிதியில் நீங்கள் காட்டும் பலம் சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? வகுப்பில் இதை இரண்டு பிளாஸ்டிக் ஊசிக் குழாய்களை வைத்து விளக்குவேன். ஊசியை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரு மெல்லிய இரப்பர்க் குழாயால் இணைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினால், ஒன்றை அழுத்த மற்றது உடனே நகரும். அதே குழாயில் கொஞ்சம் காற்றை விட்டுப் பாருங்கள். முதலில் காற்று சுருங்கும். மற்றது சோம்பலாக அசையும். தண்ணீர் சுருங்காது, காற்று சுருங்கும். பிரேக்கின் சூத்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. காரில் தண்ணீருக்குப் பதில் பிரேக் எண்ணெய். மிதியோடு சேர்ந்த மாஸ்டர் பம்பு ஓர் ஊசிக் குழாய். சக்கரங்களில் உள்ள சின்ன பம்புகளும் காலிப்பர்களும் மற்ற ஊசிக் குழாய்கள். புரோட்டோன் சாகா, பெரோடுவா மைவி போன்ற நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இனிச் சோதனைக்கு வருவோம். சமதளத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மிதியை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதி இறுகி வரும். இறுகியதும் காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு எஞ்சினை இயக்குங்கள். காலுக்கு அடியில் மிதி கொஞ்சம் தானாகத் தாழ வேண்டும். தாழ்ந்தால் சேர்வோ வேலை செய்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்றைக் கொண்டு உங்கள் காலுக்குத் துணைநிற்கும் வட்டமான பெட்டிதான் சேர்வோ. மிதி அசையவே இல்லை, ஓட்டும்போதும் கல்லை மிதிப்பதுபோல் இருக்கிறது என்றால், சேர்வோ அல்லது அதற்குப் போகும் காற்றுக்குழாய் அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு. குழாயை முதலில் பாருங்கள். அதில் ஒரு வெடிப்பு விழுந்ததற்காக முழுச் சேர்வோவையும் மாற்றச் சொல்வோர் இருக்கிறார்கள். மின்சாரக் காருக்கும் இப்போதைய ஹைபிரிட் கார்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. நாம் பேசுவது பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய சாதாரணக் காரைப் பற்றி.

எஞ்சின் ஓடும்போதே மிதியை மிதமாக அழுத்தி, அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். நிலையாக நிற்க வேண்டும். வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எண்ணெய் எங்கோ வழிவிடுகிறது. நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும், குழாய்களையும், மிதிக்கு மேலே பம்பு சேரும் இடத்தையும் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, எண்ணெய் மட்டமும் குறையவில்லை என்றால், மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் இரப்பர் வாசர் தேய்ந்து, எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. ஒழுகாத பம்பு நல்ல பம்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

மிதி பஞ்சாக அமுங்கி, நாலு தடவை மிதித்தால் கொஞ்சம் கெட்டிப்படுகிறதா? குழாயில் காற்று. எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் காற்று தானாக உள்ளே வராது. அண்மையில் யாரும் பிரேக்கைப் பிரிக்காமல் இருக்க, காற்று மறுபடி மறுபடி சேருகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. மாதம் ஒருமுறை காற்று எடுத்து அனுப்பும் பட்டறை உங்களை வாடிக்கையாளராக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வகை, பஞ்சு அல்ல, ஆழம். முதல் மிதிக்கு மிதி வெகுதூரம் போகிறது. ஆனால் போய்த் தொட்டபிறகு கெட்டியாக இருக்கிறது. உடனே இரண்டாம் தடவை மிதித்தால் உயரத்திலேயே நிற்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய காரில் நான் அதிகம் பார்த்தது இதுதான். அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

என் பழைய மாணவன் ஒருவன் பட்டணத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தாயார் பால்மரம் வெட்டியவர்; இப்போது வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர். அதற்காகவே கடன்பட்டு ஒரு பழைய கார் வாங்கினான். விடியற்காலையில் அந்தச் சரிவில் தாயை உட்கார்த்தி வைத்து இறங்கும்போது, முச்சந்தியை நெருங்க நெருங்க இரண்டு தடவை மிதித்தால்தான் கார் நிற்கிறது. ஒரு பட்டறைக்குப் போனான். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள்: முன் டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட், மாஸ்டர் பம்பு, சேர்வோ. தொகை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தான்.

“டீச்சர், அம்மாவுக்குத் தெரிஞ்சா கார்ல ஏறவே மாட்டாங்க.”

“அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்ப்பா. மொதல்ல கைப் பிரேக்க நல்லா இழுத்துப் பிடிச்சிட்டு, கால் பிரேக்க மிதிச்சுப் பாரு.”

மிதித்தான். மிதி பாதி தூரத்திலேயே கெட்டியாக நின்றது. கைப் பிரேக்கை விட்டதும் மறுபடி ஆழத்துக்குப் போனது. இது அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனை. கைப் பிரேக்கை இழுக்கும்போது பின் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்கள் விரிந்து டிரம்மை ஒட்டிக்கொள்கின்றன. அப்போது மிதி உயர்ந்து நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போயிருக்கிறது என்று பொருள். மாஸ்டர் பம்பும் சேர்வோவும் என்ன பாவம் செய்தன?

டிரம்மைக் கழற்றியபோது அண்ணனும் கூட இருந்தார். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் சின்னப் பல்சக்கரம் ஒன்று உள்ளே உண்டு. இரண்டு பக்கமும் அது துருவும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஷூவில் இன்னும் கனம் இருந்தது. கழற்றித் துடைத்து, திருகுப் பல்லில் மட்டும் வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவி, இடைவெளியைச் சரிசெய்து பூட்டினோம். (அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.) மிதி உயர்ந்துவிட்டது.

அதோடு தீரவில்லை. ஆளில்லாத தோட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக் போட்டதும் கார் இடப்பக்கம் லேசாக இழுத்தது. பத்து நிமிடம் ஓட்டி, பலதடவை நிறுத்தி, இறங்கிச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனோம். தொடக்கூடாது, சுட்டுவிடும், பக்கத்தில் காட்டினாலே தெரியும். முன் இடச்சக்கரம் நல்ல சூடு. முன் வலச்சக்கரம் மிதமான சூடுதான். பார்ப்பவர்கள் சூடான சக்கரத்தைத்தான் குற்றவாளி என்பார்கள். இங்கே அது உழைத்த சக்கரம். உழைக்காமல் இருந்தது குளிர்ந்த சக்கரம். கார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் பிடிக்கிறது. ஆகவே மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். வலப்பக்கக் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஊசி காய்ந்து இறுகியிருந்தது. பிரேக் போடாமல் ஓட்டும்போதே ஒரு சக்கரம் மட்டும் சூடேறினால் கதை வேறு. அங்கே பிரேக் பிடித்தபின் விடவில்லை. அப்போது சூடான சக்கரம்தான் நோயாளி. காலிப்பர் இறுகியிருக்கலாம், அல்லது இரப்பர்க் குழாய் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் இருக்கலாம்.

அந்தப் பட்டியலில் இருந்த எதையும் அவன் மாற்றவில்லை. மாற்றியது, பட்டியலில் இல்லாத ஒன்றை: பிரேக் எண்ணெயை.

இந்த எண்ணெயைப் பற்றி நம்மவர்களுக்கு அக்கறை போதாது. எஞ்சின் எண்ணெயை நாள் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. நம் நாட்டின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 எண்ணெய்க்கு 230 டிகிரியும் 155 டிகிரியும். புதிய எண்ணெய் வெளிறிய மஞ்சளாக இருக்கும். டப்பாவுக்குள் கோப்பி நிறத்தில் இருந்தால் எத்தனை ஆண்டு ஆகிறதோ யாருக்குத் தெரியும்? பழைய கார் வாங்கியவர்கள் விற்றவரின் வாக்கை நம்பாமல் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஒரு புட்டி எண்ணெய், குடும்பத்தோடு ஒருவேளை ரொட்டி சானாய் சாப்பிடும் செலவுதான். மூடியில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டும் அதில் விழக்கூடாது. உள்ளேயுள்ள இரப்பர்கள் வீங்கிக் கெட்டுவிடும். பிரேக் எண்ணெய் காரின் சாயத்தில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; சாயத்தைத் தின்றுவிடும்.

எண்ணெய் மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு; அப்படியானால் பேட்டைப் பார்க்க வேண்டும். பேட் கனமாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும்.

பழைய எண்ணெயின் சுயரூபம் மலையில்தான் வெளிப்படும். கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைந்த சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நாலாவது கியரில் விட்டுவிட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால், சூடு ஏறி எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போல் சுருங்கும். திடீரென்று மிதி பஞ்சாகும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பழையபடி நன்றாகிவிடும்; மறுநாள் பட்டறையில் காட்டினால், “ஒன்றுமில்லையே” என்பார்கள். மிதி கெட்டியாகவே இருந்து, பிடிப்பு மட்டும் போனால், கொதித்தது எண்ணெய் அல்ல, சூட்டில் சோர்ந்தது பேட். மலிவான பேட் இதில் சீக்கிரம் தோற்றுவிடும். இரண்டுக்கும் முன்னெச்சரிக்கை ஒன்றே: ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ ஏறக்குறைய அதிலேயே இறங்குங்கள், ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது எல் நிலையில் போடுங்கள். வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் போட்டுக்காட்டக்கூடிய கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம். இரண்டாம் தடவை மிதிக்கும் நேரத்துக்குள் எங்கள் பள்ளித் திடலில் கால்வாசி ஓடிவிடும்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்தபின் பிரேக் வழுக்கினால் பயப்பட வேண்டாம். டிரம்முக்குள் நீர் புகுந்திருக்கும். மெதுவாக ஓட்டியபடி மிதியை லேசாகத் தொட்டுக்கொண்டே போனால் காய்ந்துவிடும். ஏபிஎஸ் உள்ள காரில் அழுத்தி மிதிக்கும்போது மிதி காலடியில் படபடவென்று துடித்தால் அதுவும் கோளாறல்ல. சாதாரணமாக நிறுத்தும்போதே துடித்தால்தான் டிஸ்க்கை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பட்டறைக்குப் போகும்போது, “பிரேக் மட்டம், பாருங்கள்,” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். “முதல் மிதி ஆழம், இரண்டாவது உயரம், கைப் பிரேக் இழுத்தால் சரியாகிறது,” என்று சொல்லுங்கள். நான் இப்படிப் பேசத் தொடங்கியபிறகு, என் கணவரைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்த பட்டறைக்காரர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கழற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் அதற்குக் கோபிக்கமாட்டார். பேட்டோ ஷூவோ மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கார் உதிரிக்கடையில் கதவும் விளக்கும் வாங்கலாம். பிரேக் பம்பு வாங்க வேண்டாம். காற்று எடுக்கும்போது, பழைய பம்பில் மிதியைத் தரைவரை அழுத்திக் குத்தக்கூடாது என்பதையும் நினைவுபடுத்துங்கள். வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்கு இரப்பர் போய்க் கிழிந்து, நன்றாயிருந்த பம்பும் கெடும்.

புதுப் பேட் போட்டபின் முதல் சில நாள் பிடிப்புக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அது டிஸ்க்கோடு பழக வேண்டும். அதுவரை அவசரமாக நிறுத்தும் நிலைக்கு இடம் வைக்காமல், மிதமாக மிதித்து ஓட்டுங்கள். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, சாலைக்கு வருமுன் நின்ற இடத்திலேயே மிதி கெட்டிப்படும்வரை மிதித்துக்கொள்ளுங்கள். பேட் மாற்றும்போது பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் வெளியே வராமல் இருந்தால் முதல் மிதி வெறுமையாகப் போகும்.

டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்ட மூவருக்கும் அடுத்த இதழில் பதில் வரும். அதற்குள் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்களைக் குறித்து வையுங்கள்.